பள்ளிக் கால்பந்து அணியைத் தயார்செய்வது எப்படி: முதல் நாளிலிருந்து குறுவட்டப் போட்டி வரை எட்டு வாரங்கள்

புதிதாகப் பள்ளி அணியைக் கையில் எடுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், மாலையில் மைதானத்துக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முன்னாள் ஆட்டக்காரர்களுக்கும் இந்த வழிகாட்டி. 17 வயதுக்குட்பட்டோர் அணி, வாரத்துக்கு ஐந்து மாலை, ஒரே ஒரு மைதானம், சொற்பமான பொருள்கள். இவ்வளவுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். தமிழ்நாட்டில் ஜூனில் பள்ளி திறக்கும். குறுவட்டப் போட்டி (சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் முதல் கட்டப் போட்டி) பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வந்துவிடும். கையில் இருப்பது ஏறத்தாழ எட்டு வாரம்.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். பந்தை நிறுத்தத் தெரியாத அணிக்கு 4-4-2 (தற்காப்பில் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர்) சொல்லிக்கொடுத்தால் ஒரு வாரம் வீண். ஒரு படி காலுக்குள் இறங்கிய பிறகே அடுத்தது.

1. மைதானத்தில் இறங்கும் முன் காகித வேலை

முதல் வாரத்திலேயே வயதைச் சரிபாருங்கள். 14, 17, 19 என்று மூன்று வயதுப் பிரிவுகளில் போட்டி நடக்கும். எந்தத் தேதியிலோ அதற்குப் பின்னோ பிறந்திருக்க வேண்டும் என்பது அந்த ஆண்டின் சுற்றறிக்கையில் இருக்கும். போன வருடத்துத் தேதியை நினைவில் வைத்துக்கொண்டு அணி கட்டாதீர்கள். சுப்ரதோ கோப்பை (அகில இந்தியப் பள்ளிக் கால்பந்துப் போட்டி) போன்றவற்றுக்கு வயது வரம்பு வேறு. அதைத் தனியாகப் பாருங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு: பிறப்புச் சான்றிதழ் நகல், ஆதார் நகல், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் அடையாள எண்), இரண்டு புகைப்படம், பெற்றோர் சம்மதக் கடிதம். நுழைவுப் படிவத்தில் தலைமை ஆசிரியர் கையொப்பமும் பள்ளி முத்திரையும் புகைப்படத்தின் மேல் பாதி விழும்படி வாங்கிவிடுங்கள். போட்டிக்கு முந்தைய நாள் மாலை இதற்காக ஓடுவதும், பிறந்த தேதி ஒரு எழுத்து மாறியதால் நல்ல ஆட்டக்காரன் வெளியே உட்காருவதும் வருடாவருடம் நடக்கிறது.

சம்மதக் கடிதத்திலேயே மூன்று கேள்வி சேருங்கள்: ஆஸ்துமா உண்டா, வலிப்பு வந்ததுண்டா, ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா. மூன்றாவதற்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால் மருத்துவர் பார்த்து எழுதித்தரும் வரை அந்தப் பிள்ளை ஓடக் கூடாது. இதயக் கோளாறின் முதல் அறிகுறி அதுவாகவே இருக்கலாம்.

2. மைதானம், பந்து, காலணி

முதல் நாள் மைதானத்தை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பிள்ளைகளோடு வரிசையாக நடந்து கல், கண்ணாடி, முள் பொறுக்குங்கள். பெனால்டி பகுதியில் இருக்கும் பள்ளத்தைச் செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து மிதித்து மூடுங்கள். கணுக்கால் திரும்புவது பெரும்பாலும் அங்கேதான்.

கோல் கம்பத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தரையில் ஊன்றாத இரும்புக் கம்பம் பிள்ளைகள் தொங்கினால் சாய்ந்து உயிரையே எடுத்துவிடும். வலை மாட்டும் இரும்புக் கொக்கிகள் கோல்கீப்பரின் விரலைக் கிழிக்கும். அவற்றை வெளிப்பக்கம் மடக்கி, துணி சுற்றிவிடுங்கள்.

14 வயதுக்கு மேல் 5-ஆம் எண் பந்து. 18 பேருக்கு ஒன்பது, பத்துப் பந்தாவது வேண்டும். இரண்டு பேருக்கு ஒன்று என்ற கணக்கு குறையக் கூடாது. மூன்றே பந்து இருந்தால் மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். காற்றழுத்தம் விதிப்படி 0.6 முதல் 1.1 வளிமண்டலம், அதாவது 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ. நம் ஊர்க் கட்டாந்தரைக்கு 8.5, 9 போதும். அதற்கு மேல் அடைத்தால் பந்து துள்ளி, நிறுத்தப் பழகுவதே சிரமமாகிவிடும். காற்றடிக்கும் ஊசியைத் தண்ணீரிலோ எச்சிலிலோ நனைக்காமல் செருகாதீர்கள். வால்வு கிழிந்து பந்துகள் வீணாவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

காலணியின் அடியில் நீளமான ஸ்டட் (குமிழ்) வேண்டாம். காய்ந்த செம்மண்ணில் அது தரையில் இறங்காது. பாதம் உயர்ந்து நின்று முட்டியைத் திருகும். குட்டை ரப்பர் ஸ்டட் போதும். வெறுங்காலில் ஆடிப் பழகிய பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு முதல் வாரமே காலணி கொடுத்து, தினம் 20 நிமிடம் என்று தொடங்கி இரண்டு வாரத்தில் முழு நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். போட்டி நாளில் புதுக் காலணி போட்டால் இடைவேளைக்குள் குதிகாலில் கொப்புளம். ஷின் பேட் (முன்னங்காலைக் காக்கும் தகடு) விதிப்படி கட்டாயம். பயிற்சியிலும் போடச் சொல்லுங்கள்.

3. ஆள் தேர்வு

நூறு மீட்டர் ஓடவிட்டு வேகமாக ஓடுபவனை எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. கால்பந்தில் தனியாக, நேராக, பந்தில்லாமல் நூறு மீட்டர் ஓடும் தருணம் கிட்டத்தட்ட வராது.

30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் கோன் வைத்து, நாலுக்கு நாலு ஆடவிடுங்கள். ஏழு நிமிட ஆட்டம், பிறகு ஆள் மாற்று. மூன்று நாள் இப்படியே. நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்றே விஷயம் குறியுங்கள்: பந்து வருமுன் தலையைத் திருப்பிப் பார்க்கிறானா, பந்தை இழந்த அடுத்த நொடி என்ன செய்கிறான், பந்து இல்லாதபோது நிற்கிறானா நகர்கிறானா. இடுப்பில் கை வைத்து நிற்கும் பழக்கத்தை மாற்றுவது ஷாட் அடிக்கக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம்.

கோல்கீப்பரை முதலில் தேர்ந்தெடுங்கள், கடைசியில் அல்ல. குண்டாக இருக்கிறான், ஓட மாட்டான் என்று ஒருவனை அங்கே நிறுத்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. குதித்துப் பிடிக்கத் தெரிந்த, சத்தமாகப் பேசக்கூடிய பிள்ளையைப் பாருங்கள். கபடியிலும் கைப்பந்திலும் தேடினால் கிடைப்பார்கள். இரண்டு பேரைத் தயார்செய்யுங்கள். ஒருவருக்கு விரல் மடங்கினால் அன்றைய ஆட்டமே போய்விடும்.

4. ஒரு மாலையின் அமைப்பு

ஜூனில் நாலே முக்காலுக்கு முன் தொடங்காதீர்கள், வெயில் இறங்கட்டும். மொத்தம் 90 நிமிடம்.

முதல் 20 நிமிடம் உடலைச் சூடேற்றுவது. ஃபிஃபா 11+ என்ற பயிற்சித் தொகுப்பு இதற்கு நன்கு பொருந்தும்: மெதுவான ஓட்டம் 8 நிமிடம், வலிமை, தாவல், சமநிலைப் பயிற்சிகள் 10 நிமிடம், வேக ஓட்டம் 2 நிமிடம், மொத்தம் 15 பயிற்சிகள். கருவி எதுவும் வேண்டாம். வாரம் இரண்டு முறையாவது முழுமையாகச் செய்தால் காயம் கண்கூடாகக் குறையும். தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று முன்னால் நின்று பாருங்கள். மாணவிகளுக்கு முட்டித் தசைநார் கிழியும் ஆபத்து கூடுதல். அவர்கள் அணியில் இதை ஒரு நாளும் விடாதீர்கள்.

அடுத்த 15 நிமிடம் பந்துத் திறமை, 25 நிமிடம் சிறு ஆட்டம், 20 நிமிடம் அன்றைய பாடத்தைப் பெரிய ஆட்டத்தில் பார்ப்பது. மீதி 10 நிமிடம் நடை, தண்ணீர், தசை நீட்டுதல்.

ஒரு மாலைக்கு ஒரே பாடம். ‘இன்று தூரக் காலால் பந்தை நிறுத்துவது’ என்றால் 90 நிமிடமும் அதை மட்டுமே திருத்துங்கள். பாஸையும், ஷாட்டையும், நிற்கும் இடத்தையும் ஒரே நாளில் திருத்தினால் எதுவும் தங்காது.

வரிசையில் நிற்கும் பயிற்சியை விட்டொழியுங்கள். 18 பேர் வரிசையாக நின்று ஒவ்வொருவராகக் கோல் அடித்தால், ஒரு முறைக்கு பத்து நொடி என்றாலும் ஒரு பிள்ளையின் முறை மூன்று நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். கால் மணி நேரத்தில் ஐந்து அடி. மூன்று கோல், மூன்று குழு என்று பிரித்தால் அதே நேரத்தில் பதினைந்து. தண்டனைக்கு மைதானத்தைச் சுற்ற விடுவதும் வேண்டாம். ஓட்டம் தண்டனையாகிவிட்டால், ஆட்டத்தில் ஓட வேண்டிய நேரத்திலும் கால் தயங்கும்.

5. முதல் மூன்று வாரம்: பந்தை நிறுத்தவும் கொடுக்கவும்

எட்டு வாரத்தில் மூன்றை இதற்கே கொடுங்கள். அதிகமாகத் தோன்றும், ஆனால் குறுவட்ட ஆட்டங்களை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்: கோல்களில் பெரும் பங்கு அழகான தாக்குதலில் வருவதில்லை, யாரோ ஒருவர் பந்தை நிறுத்தத் தவறிய இடத்தில் வருகிறது.

பாஸ்: தாங்கும் கால் பந்துக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி, கட்டைவிரல் போகவேண்டிய திசையைப் பார்த்து. அடிக்கும் கால் வெளிப்பக்கம் திரும்பி, கணுக்கால் இறுகி, விரல் நுனி சற்று மேலே. உள்பாதத்தின் வளைவு பந்தின் நடுவைத் தொட வேண்டும். பந்து எழும்பினால் உடம்பு பின்னால் சாய்ந்திருக்கிறது. பந்து கோணலாகப் போனால் முதலில் தாங்கும் காலைப் பாருங்கள். அடிக்கும் காலைத் திருத்தியே நாளைக் கழித்துவிடுவோம். பிழை மற்றக் காலில் இருக்கும்.

நிறுத்துதல்: பந்து வரும் திசைக்கு நேராக நிற்காமல், பாதி திரும்பி நின்று, பந்துக்குத் தூரமாக இருக்கும் காலால் நிறுத்த வேண்டும். அப்படி நின்றால் முன்பக்க மைதானம் கண்ணில் விழும். கிட்டக் காலால் நிறுத்துபவன் தன் கோலையே பார்த்துக்கொண்டிருப்பான். பந்து பட்ட நொடியில் பாதம் சற்றுப் பின்வாங்க வேண்டும், எறியும் முட்டையைக் கையில் வாங்குவது போல. மேடு பள்ளமான தரையில் பந்து கடைசி நேரத்தில் துள்ளும். எனவே பாதத்தைத் தரையோடு வைக்காமல் மூன்று, நான்கு விரல் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இதைப் பழக்க ரோண்டோ. எட்டுக்கு எட்டு மீட்டர் சதுரம், வெளியே நான்கு பேர், நடுவில் ஒருவர். நடுவில் இருப்பவர் பந்தைத் தொட்டால் இழந்தவர் உள்ளே. முதல் வாரம் எத்தனை தொடுகையும் சரி. இரண்டாம் வாரம் மூன்று தொடுகை. மூன்றாம் வாரம் இரண்டு. தேறியவர்களுக்கு ஐந்து பேர் வெளியே, இருவர் உள்ளே. எடுத்த எடுப்பிலேயே ‘ஒரே தொடுகை’ என்று விதித்தால் பிள்ளைகள் பந்தை உதறித் தள்ளக் கற்றுக்கொள்வார்கள், பாஸ் கொடுக்க அல்ல.

பந்து இன்னொருவரிடம் இருக்கும்போது, அதைப் பெறப்போகிறவர் தோளுக்கு மேல் ஒருமுறை பின்னால் பார்க்க வேண்டும். இதைப் பழக்க எளிய வழி: பின்னால் நின்று விரல்களைக் காட்டுங்கள், பந்தைத் தொடும் முன் எத்தனை விரல் என்று பிள்ளை சத்தமாகச் சொல்ல வேண்டும்.

6. நான்காம் வாரம்: தற்காப்பு

முதலில் ஒருவருக்கு ஒருவர். எதிராளியை நோக்கி வேகமாக ஓடி, கடைசி மூன்று மீட்டரில் சிறு சிறு அடி வைத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். பிறகு முட்டி மடக்கி, பக்கவாட்டில் திரும்பி, ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கண் பந்தின் மேல், எதிராளியின் இடுப்பாட்டத்தின் மேல் அல்ல. அவனை ஓரக் கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டே போனால் போதும். கோடு இன்னொரு தற்காப்பாளர் மாதிரி உதவும்.

இங்கே பயிற்சியாளரின் வாயே பெரிய பிழை செய்யும். ‘போடா, போய் எடு!’ என்று வெளியிலிருந்து கத்தினால் பிள்ளை காலை நீட்டிப் பாய்வான், எதிராளி ஒரு தட்டுத் தட்டித் தாண்டிவிடுவான். ‘நிறுத்து’ என்ற ஒரே சொல்லைப் பழக்குங்கள். பந்து எதிராளியின் காலை விட்டு ஒரு அடி விலகும் நொடியில்தான் எடுக்க வேண்டும்.

பிறகு இருவருக்கு இருவர். ஒருவர் பந்தை நெருங்கினால் மற்றவர் நான்கைந்து மீட்டர் பின்னால், உள்பக்கமாகச் சாய்ந்து நிற்க வேண்டும். இருவரும் ஒரே நேராக நின்றால் ஒரே பாஸில் இருவரும் காலி.

7. ஐந்து, ஆறாம் வாரம்: அணி அமைப்பு

பள்ளி அணிக்கு 4-4-2 போதும். யாருக்கு யார் பக்கம் என்று ஒரு பார்வையில் புரியும்; ஆள் மாற்றினாலும் குலையாது. தொலைக்காட்சியில் பார்த்த அமைப்பை எட்டு வாரத்தில் கொண்டுவர முயன்று, நடுவில் ஓட்டையோடு ஆடும் அணிகளே அதிகம்.

தற்காப்பு நால்வரின் இடுப்பிலும் ஒரு நீளக் கயிற்றைத் தளர்வாகச் செருகிவிடுங்கள், ஒருவருக்கும் அடுத்தவருக்கும் எட்டு மீட்டர். முடிச்சுப் போட வேண்டாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் மைதானத்தின் குறுக்கே நடங்கள். பந்து நகரும் பக்கம் நால்வரும் சேர்ந்து நகர வேண்டும். கயிறு இறுகினால் ஒருவர் பின்தங்கினார், தொய்ந்தால் இருவர் ஒட்டிக்கொண்டார்கள். நடை வேகத்தில் மட்டும். ஓடத் தொடங்கும் முன் கயிற்றை எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் இதைச் செய்தால் ஒரு மணி நேரப் பேச்சு மிச்சம். பிறகு நடு நால்வருக்கும் இதே.

முன்வரிசைக்கும் கடைசித் தற்காப்பாளருக்கும் இடையே 35 மீட்டருக்கு மேல் போகவிடாதீர்கள். ஆட்டம் இருபது நிமிடம் தாண்டியதும் ஸ்ட்ரைக்கர் முன்னாலேயே நிற்பார், தற்காப்பு பயத்தில் பின்னாலேயே நிற்கும், நடுவில் இருவர் மட்டும் ஓடி ஓடிச் சாவார்கள்.

ஆஃப்சைடு பொறி (எதிராளி ஆஃப்சைடில் சிக்கும்படி தற்காப்பு வரிசை சட்டென முன்னேறுவது) வைக்கச் சொல்லிக்கொடுக்காதீர்கள். குறுவட்ட ஆட்டங்களில் கொடி பிடிப்பவர் அனுபவமுள்ள நடுவராக இருப்பார் என்ற உறுதி இல்லை. அதற்குப் பதில் ஒரே விதி: பந்து வைத்திருக்கும் எதிராளி தலை நிமிர்ந்து, நெருக்க ஆளில்லாமல் இருந்தால் நால்வரும் பின்னால் ஓடு, அவன் குனிந்தோ முதுகு காட்டியோ இருந்தால் முன்னால் ஏறு.

8. ஏழாம் வாரம்: நின்ற பந்துகள்

த்ரோ (ஓரக் கோட்டைத் தாண்டிய பந்தை உள்ளே எறிவது): இரண்டு காலும் கோட்டின் மேலோ வெளியிலோ தரையில் பட வேண்டும், பந்து தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக, இரு கையாலும். எறியும்போது பின்கால் எழும்புவதுதான் வழக்கமான பிழை. பின்காலின் விரல் நுனியைத் தரையில் இழுத்துக்கொண்டே எறியப் பழக்குங்கள். நேராகத் த்ரோவிலிருந்து வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது என்பதையும் சொல்லிவையுங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது.

கார்னர்: கோல் பகுதிக் கோட்டுக்கும் பெனால்டி புள்ளிக்கும் நடுவே விழும்படி அடியுங்கள். பள்ளி கோல்கீப்பர்கள் வெளியே வரலாமா வேண்டாமா என்று தயங்குமிடம் அது. தற்காக்கும்போது ஒருவர் கிட்டக் கம்பத்தில், ஒருவர் கோல் பகுதியின் முன்முனையில், மற்றவர்கள் ஆளுக்கு ஆள்.

கோல் கிக்கைப் பெனால்டி பகுதிக்குள்ளேயே வாங்கலாம் என்று 2019-இல் விதி மாறியது. இருந்தாலும் கரடுமுரடான தரையில் குட்டைப் பாஸில் தொடங்காதீர்கள். கோல்கீப்பருக்கு இன்னொன்று: கையில் பந்தை எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்பது 2025-இல் வந்த விதி.

நாக்-அவுட் போட்டியில் சமநிலை என்றால் பெனால்டி. தினம் பயிற்சி முடிந்து கால் களைத்த பிறகு ஆளுக்கு இரண்டு அடி. ஒவ்வொருவரும் ஒரு மூலையை நிரந்தரமாகத் தேர்ந்துகொள்ளட்டும். ஓடி வரும்போது மனம் மாற்றுபவரே அதிகம் தவறவிடுகிறார். யார் எந்த மூலை, பத்தில் எத்தனை என்று நோட்டில் இருக்க வேண்டும். ஐந்து பேரை அந்தக் கணக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இந்த வாரத்தில் பக்கத்துப் பள்ளியோடு இரண்டு நட்பு ஆட்டம். எட்டாம் வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள்; புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

9. வெயில், தண்ணீர், அடி

கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர், கேட்டாலும் கேட்காவிட்டாலும். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதன் மேல் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் கரையுங்கள். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகள் உண்டு. வாழைப்பழமோ கடலை மிட்டாயோ பையில் வைத்திருங்கள்.

வெயிலில் ஆடும் பிள்ளை உளறினால், தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நிழலில் படுக்கவைத்து உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றுங்கள், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ், உடனே 108. வண்டி வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். மயக்கத்தில் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

தலையில் அடிபட்டு ஒரு நொடி திகைத்து விழித்தாலும், வாந்தி எடுத்தாலும், ‘ஸ்கோர் என்ன’ என்ற கேள்விக்குத் திணறினாலும் அன்று திரும்ப இறக்கக் கூடாது, இறுதிப் போட்டியே ஆனாலும். மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கணுக்கால் திரும்பினால் துணியில் சுற்றிய ஐஸ் 15, 20 நிமிடம், இறுக்கமான கட்டு, காலை உயர்த்தி வை. முதல் இரண்டு நாள் தைலம் தேய்த்து நீவுவதும் சுளுக்கு எடுப்பதும் வீக்கத்தைக் கூட்டும். வீட்டிலும் சொல்லி அனுப்புங்கள். நான்கு அடி ஊன்றி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே.

இடி கேட்டால் மைதானத்தைக் காலி செய்யுங்கள், மரத்தடி கூடாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும்.

10. போட்டி நாள்

ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு இட்லி, ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம். பரோட்டா, பிரியாணி ஆட்டம் முடிந்த பிறகு. கிளம்பும்போது பையில்: நுழைவுப் படிவமும் அசல் சான்றிதழ்களும், இரண்டு நிறச் சட்டை, உபரி ஷின் பேட், ஷூ லேஸ், பம்ப், ஊசி இரண்டு, ஐஸ், பஞ்சு, கட்டுத் துணி. மாணவிகள் அணியோடு ஆசிரியை ஒருவர் போக வேண்டும். நாப்கினும் பையில் இருக்கட்டும்.

ஆட்ட நேரம் எத்தனை நிமிடம், எத்தனை ஆள் மாற்றலாம், சமநிலை என்றால் கூடுதல் நேரமா நேராகப் பெனால்டியா என்று போய் இறங்கியதும் கேட்டுக்கொள்ளுங்கள். இது போட்டிக்குப் போட்டி மாறும்.

ஆட்டத்தின்போது பந்து வைத்திருக்கும் பிள்ளையிடம் பேசாதீர்கள். ‘வலதுபக்கம் கொடு’ என்று நீங்கள் கத்தி முடிப்பதற்குள் வலதுபக்கம் அடைபட்டிருக்கும், அவன் கண்ணும் பந்தை விட்டு உங்களிடம் வந்திருக்கும். பந்து தூரத்தில் இருக்கும் போது, தூரத்தில் இருப்பவர்களின் இடத்தை மட்டும் திருத்துங்கள்.

இடைவேளையில் முதல் மூன்று நிமிடம் வாயே திறக்க வேண்டாம். தண்ணீர் குடித்து மூச்சு வாங்கட்டும். பிறகு இரண்டே செய்தி, அதுவும் செய்ய வேண்டியதாக: ‘அவர்கள் 7-ஆம் எண்ணுக்கு உள்பக்கத்தை அடைத்து நில்’, ‘பந்து கிடைத்ததும் முதல் பாஸ் இடதுபக்கம்’. கோல் விட்டவனைப் பத்துப் பேர் முன்னால் திட்டினால் அடுத்த பாதியில் அவன் பந்தையே கேட்க மாட்டான்.

தோற்ற அன்று மாலை ஆய்வு வேண்டாம். யார் யாருக்கு அடிபட்டிருக்கிறது என்று பார்த்து, சாப்பிடவைத்து, எல்லோரும் வீடு சேர்ந்தார்களா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் லேசான ஓட்டம், ரோண்டோ. அதன் பிறகு நோட்டைத் திறந்து, விட்ட ஒவ்வொரு கோலுக்கும் மூன்று பாஸ் முன்பு பந்து எங்கே இருந்தது என்று பிள்ளைகளையே சொல்லவையுங்கள். அடுத்த திங்கட்கிழமைக்கான பாடம் அந்தப் பதிலிலிருந்து வரும்.